பாதிக் கூரை

அந்த மாமிக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. சண்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம், கத்தவும் மாட்டாள். புளி என்ன விலை, குழாயில் தண்ணீர் வந்ததா, நாளைக்கு ஆபீஸ் உண்டா என்று எந்தக் குரலில் கேட்பாளோ, அதே குரலில் எல்லாவற்றையும் கேட்பாள். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான். வம்பே அங்கேதான்.

கரமனையில் எங்கள் தெருவில் பெண்களின் மாத விஷயத்துக்கு ஏகப்பட்ட பெயர்கள் உண்டு. தூரம் என்பார்கள், விலக்கு என்பார்கள், குழந்தைகள் கேட்டால் காக்கா தொட்டுவிட்டது என்பார்கள். அதைக்கூட வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த புதிது. டவுன் பஸ்ஸில் மாமி எனக்கு மூன்று சீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "ஏண்டி, உனக்கு ரத்தம் ரொம்பப் போறதுன்னயே, இப்போ தேவலையா?" என்றாள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டான். கிள்ளிப்பாலம் வந்ததும் நான் இறங்கிவிட்டேன். கிழக்கேகோட்டை வரைக்கும் டிக்கெட் வாங்கியிருந்தேன். மீதி வழியை வெயிலில் நடந்து, அவளை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

தெரு அவளுக்கு 'தூரம் மாமி' என்று பெயர் வைத்திருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரியும். ஒரு தடவை ஆபீசிலிருந்து அவளைப் பார்க்க வர இருந்தவரிடம், "தெருவுக்குள்ள வந்து தூரம் மாமி ஆம் எதுன்னு கேளுங்கோ, கொழந்தைகூடக் காட்டிக் குடுக்கும்" என்று போனிலேயே சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷர் அப்படியே கேட்டும்விட்டார். அன்று தெருவில் பாதி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள், மீதி வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவளுடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இருந்த காலத்தில் யாரும் கூப்பிடாத பெயரை இப்போது சொல்லி யாருக்கு என்ன.

ஒல்லியான தேகம். ரப்பர் செருப்பின் வார் அறுந்தால் ஊக்குப் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவாள். சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் மடியில் எதையாவது டைப் அடித்துக்கொண்டிருக்கும். கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு தனியாகத்தான் இருந்தாள். தெருவில் அவளைப் பற்றிப் பேச இது ஒன்றே போதும், அதற்கு மேலும் அவளே நிறையக் கொடுத்தாள்.

ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பதை அவளே எனக்குச் சொன்னாள். நான் கேட்கவில்லை. எங்கள் ஆத்து அடுக்களையில் உட்கார்ந்து எனக்காக பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்காத்துல மாடு கட்டற தொழுத்தை ஒட்டி ஒரு உள்ளு உண்டு, சின்ன அறை, இப்போ விறகு போட்டு வெச்சிருக்கேனே, அதாக்கும். ஜன்னல் கெடையாது. மாசாமாசம் அதுலதான் உக்காரணும். துணியை ஆம்பிளைகள் கண்ணுல படாம வைக்கோலுக்கு அடியில காயவைக்கணும். இந்த ஊர் மழையில அது என்னிக்குக் காஞ்சுது? ஈரத்தையே சுத்திண்டேன். அரிச்சுது, புண்ணாச்சு, யார்கிட்டச் சொல்றது. கல்யாணம் ஆனப்புறம் லேடி டாக்டர் பார்த்துட்டுச் சொன்னா, உள்ளே எல்லாம் கெட்டு அடைச்சுப் போயிடுத்து, இனிமே கொழந்தை கெடையாதுன்னு. ஈரத் துணியாக்கும் காரணம்னா. அவர் கொஞ்ச நாள் பார்த்தார். அப்புறம் கொண்டு விட்டுட்டார்." பிறகு அதே குரலில், "இந்த பீன்ஸ்ல பூச்சி இருக்கு பார், எங்கே வாங்கினே?" என்றாள்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அவள் பூச்சியை எடுத்து ஜன்னல் வழியே வீசினாள்.

அவளுடைய அண்ணா பொன்முடி மலையில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது ஆபீஸ் குமாஸ்தா. எஸ்டேட்டின் பெயர் வேண்டாம். திருப்பி அனுப்பப்பட்ட புதிதில் மனசு தேறட்டும் என்று அவளைக் கொஞ்ச நாள் அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ மலையேறி வந்தவர்களின் மக்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த ஒற்றை அறைகளில் இருந்தார்கள், அதற்கு லயம் என்று பெயர். காற்று வாங்கப் போன மாமி லயத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறாள். விறகு அடுக்குக்கு இடையில், தகரத்தின் இடுக்கில், சாக்குக்கு அடியில் எல்லாம் ஈரத் துணி. மூடுபனியில் அது காயவே காயாது. பள்ளிக்கூடம் போகிற பெண்கள் அந்த நாட்களில் பள்ளிக்கூடம் போவதில்லை, கிழிந்த சாக்குப் போலிருந்த அந்தத் துணியை நம்பி மலையிறங்கும் பஸ்ஸில் எப்படி உட்காருவார்கள்? மாமியின் மனசு தேறியது என்றுதான் சொல்ல வேண்டும். அழுகையை நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

வேலை என்றால் வேஷ்டி வாங்குவது. எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய வேஷ்டி கேட்டாள். உடுத்து உடுத்து மெலிந்த மல் வேஷ்டியைப் போல மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது என்பாள். "எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னாள். பூஜை புனஸ்காரத்தில் இருந்த ஒரு மாமா, தான் உடுத்திய வேஷ்டி எங்கே போய் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்ததும், கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வாங்கிப் போனார். மற்றவர்களும் அதோடு கையை இழுத்துக்கொண்டார்கள். என் ஆத்துக்காரர் மட்டும், "என் வேஷ்டி ஒரு பெண் கொழந்தைக்கு மானம் காக்கறதுன்னா எடுத்துக்கட்டும்" என்றார். அவரைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, அந்த ஒரு பேச்சுக்காக அத்தனையையும் மன்னித்திருக்கிறேன்.

வேஷ்டி போதாமல் சாலை பஜாருக்குத் துணி வாங்கப் போனோம். அதற்குள் நானும் சேர்ந்துவிட்டிருந்தேன், எப்போது சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து ஆள், எதுக்கு என்பதை எந்தினா என்பார். மெல்லிய பருத்தித் துணியை மீட்டர் கணக்கில் கேட்டதும், "இது எந்தினா மாமி, ஜம்பருக்குத் தாங்காதே" என்றார்.

"ஜம்பருக்கு இல்லை. எஸ்டேட்டுல பெண் கொழந்தைகளுக்கு மாச ரத்தத்துக்கு வெச்சுக்கறதுக்கு" என்றாள் மாமி.

கடையில் அவ்வளவு ஆண்கள். அளக்கும் கோல் பாதித் துணியில் நின்றது. கடைக்காரரின் காது சிவந்துவிட்டது. மாமி, "அளங்கோ, நாழியாறது" என்றாள். அவர் குனிந்தபடி அளந்து, ஒரு முழம் சேர்த்தே கிழித்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் நான், "கொஞ்சம் மெதுவாச் சொல்லப்படாதா?" என்றேன். "மெதுவாச் சொல்லித்தாண்டி என் வயிறு போச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டால் கிளம்பிவிடுவாள். நெடுமங்காட்டில் பஸ் மாறி, விதுரையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அவளுக்கு வாந்தி வரும். ஜன்னல் வழியே எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவாள். இரவு அண்ணா குவார்ட்டர்சில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போவோம். துணியைக் கொதிக்கவைத்து அலசக் கற்றுக்கொடுத்தாள். அளவாகக் கிழித்து மடிக்கவும், நாடாவில் கோத்துக் கட்டவும் தானே செய்து காட்டினாள். முதலில் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு கேட்க ஆரம்பித்தார்கள். லயத்தில் அவளுக்குத் துணியம்மா என்று பெயர் வந்தது. தெரு வைத்த பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

செல்லக்கனியை அங்கேதான் பார்த்தோம். மாடத்தி என்ற கொழுந்துக்காரியின் மகள். மலைக்குக் கீழே ஹைஸ்கூலில் படித்தாள், லயத்துப் பெண்களில் ஹைஸ்கூல் வரைக்கும் வந்தவள் அவள் ஒருத்திதான். தமிழும் மலையாளமுமாகக் கலந்து பேசுவாள், பேச்சை நிறுத்த மாட்டாள். மாமிக்கு ஏற்ற ஜோடி. துணி கொடுத்த அடுத்த மாதம் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் ஓடி வந்தாள்.

"துணியம்மா, இந்த மாசம் ஒரு நாளும் ஸ்கூல் முடங்கல. கேட்டியளா? ஒரு நாளும்."

மாமி அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, "பத்தாம் கிளாஸ் பாஸாகணும், அப்புறம் டைப் அடிக்க நான் சொல்லித் தரேன். என் ஆபீசுலயே உன்னை உக்காத்தி வெக்கறேன்" என்றாள். மாமி அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பலகையில் விரலால் டைப் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காயவைப்பதில்தான் தகராறு. துணி வெயிலில் காய வேண்டும் என்பதில் மாமி ஒரு அடி விட்டுக்கொடுக்க மாட்டாள். வெயில் விழும் இடம் லயத்தின் முன்பக்கம்தான். அங்கே கயிறு கட்டினாள். அடுத்த வாரம் போனால் கயிறு அறுந்து கிடந்தது. மறுபடியும் கட்டினாள், மறுபடியும் அறுத்தார்கள். கங்காணி வந்து, "அம்மா, ஆம்பிளையள் வேலைக்குப் போற வழி. கண்ணுல பட்டா கெடுதல்" என்றார். "கொதிக்க வெச்சு அலசின துணியாக்கும், நீங்க கட்டியிருக்கற வேட்டியைவிடச் சுத்தம்" என்றாள் மாமி. அந்தக் கயிற்றில் தைரியமாகத் துணி போட்டவள் செல்லக்கனி மட்டும்தான். அதற்காக அப்பனிடம் அடியும் வாங்கினாள்.

அப்போது மாடத்திதான் ஒரு சமாதானம் சொன்னாள். "மறைவா ஒரு எடம் கெட்டிக் குடுங்க துணியம்மா. நாலு பேரு பாக்காத மாதிரி. பின்னே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

மாமி யோசித்தாள், சரி என்றாள். அன்று அந்தப் பேச்சில் ஒரு பிழையும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. லயத்துக்கு அப்பால், ஓடைக்கு மேலே ஒரு திட்டில் வேலை நடந்தது. பெண்களே கல்லைச் சுமந்து, மண் குழைத்து, நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர் வைத்தார்கள். உள்ளே துணி கொதிக்கவைக்க ஓர் அடுப்பு, அலசுவதற்கு ஒரு கல். எஸ்டேட்டின் பழைய தகரத்தை அண்ணா கேட்டு வாங்கிக் கொடுத்தார். அதைக்கொண்டு பாதிக்குத்தான் கூரை போட்டார்கள். அது மாமியின் யோசனை. கயிறு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும். வெயில் அடித்தால் துணியை ஆகாசம் தெரிகிற பாதிக்கு இழுத்துக்கொள்ளலாம், மழை வந்தால் தகரத்துக்குக் கீழே தள்ளிவிடலாம். அதை அவள் எனக்கு எத்தனை தடவை இழுத்துக் காட்டினாள் என்று கணக்கே இல்லை.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சர்க்கரைப் பாயசம் வைத்தோம். ஆகாசம் தெரிந்த பாதியில் வெயில் பளீரென்று விழுந்தது. கயிறு நிறைய வெள்ளைத் துணி. மாடத்தி பாயசத் தூக்கோடு நின்று சுவரைத் தடவிப் பார்த்து, "உங்க புண்ணியத்துல எங்க லயத்துக்கும் ஒரு முறை வந்துச்சு" என்றாள். மாமி சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மாடத்தி சொன்ன முறை எந்த முறை என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்தது. மலையில் மண் சரிந்து பஸ் நின்றது. மாமி ஒவ்வொரு சனிக்கிழமையும் துணிப்பையோடு ஸ்டாண்டுக்குப் போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வருவாள். பாதை திறந்ததும் போனோம்.

திட்டின் மேலே ஏறிப் பார்த்தால், தகரத்தின் கீழே ஒரு பாய். ஓர் அலுமினியத் தட்டு, தம்ளர், ஒரு சட்டி. பாயில் செல்லக்கனி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட நாள் அது. ஏதோ ஆபீஸ் லீவில் வந்திருந்தோம்.

"ஸ்கூலுக்குப் போகலையா?" என்றாள் மாமி.

"நான் தூரமாக்கும். இப்ப எல்லாரும் இங்கதான் இருக்கணும். புஸ்தகம்கூடத் தொடப்படாதுன்னு அம்மை சொல்லுதா."

மாமி லயத்துக்கு இறங்கிய வேகத்தில் நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. மாடத்தி முகம் மலர்ந்து வந்தாள். முன்பெல்லாம் ஒற்றை அறையில் இடமில்லாமல் பெண்கள் மூலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு கிடப்பார்கள். யாரும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள், பார்க்க வழியும் இல்லை. அந்தத் தரித்திரமே ஒரு வகையில் அவர்களைக் காப்பாற்றி வந்திருந்தது. இப்போது இடம் வந்துவிட்டது.

"துணி காயப்போடத்தானே கட்டினோம்? கொழந்தையை எதுக்கு அங்கே போட்டே?" என்றாள் மாமி.

மாடத்தி சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "துணி காயப்போட நாலு பக்கமும் சுவரு எதுக்கு? தகரம் எதுக்கு? ஐயரு வீட்டு அம்மா முன்ன நின்னு கெட்டித் தந்தா அது எதுக்குன்னு எங்களுக்குப் புரியாதா? நீங்க வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, துணின்னு சொன்னிய."

கூச்சப்பட்டாளாம். மாமியைப் பார்த்து இந்த உலகத்தில் அப்படிச் சொன்னவள் மாடத்தி ஒருத்திதான்.

மாமி ஒன்றையும் விடாமல் சொன்னாள். தொழுத்தை ஒட்டிய அறையைச் சொன்னாள், வைக்கோலைச் சொன்னாள், லேடி டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அடுப்படிகளிலிருந்து பெண்கள் வந்து சுற்றி நின்று கேட்டார்கள். மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். எல்லாம் கேட்டுவிட்டு மாடத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க தெருவுல இப்பவும் இதுக்குன்னு தனியா ஒதுங்கதுண்டு, அல்லே?"

மாமிக்குப் பொய் சொல்ல வராது. "உண்டு" என்றாள்.

"பின்னே?" என்றாள் மாடத்தி.

நானே மாதத்தில் அந்த நாட்களில் எங்கள் ஆத்துக் கொல்லைப்புறத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்களுக்குத் தங்கள் மகள்களும் பெரிய வீட்டுப் பெண்கள் மாதிரி முறையாக இருக்கிறார்கள் என்ற பெருமை. ஏழைக்குக் கிடைத்த பெருமையைப் பிடுங்குவது லேசில்லை.

மாமி மறுபடி திட்டின் மேல் ஏறினாள். செல்லக்கனி மெதுவாக, "துணியம்மா, இதைப் பொளிச்சுத் தாருங்க. இடிச்சுப் போட்டா எனக்கு ஸ்கூல் போலாம்" என்றாள். மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தகரத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். ஒரு ஆணி கழன்றது. அதற்குள் பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். அவர்கள் யாரும் கோபப்படவில்லை, பயந்துபோயிருந்தார்கள். அப்போதுதான் பார்த்தோம், சுவரின் வெளிப்பக்கம் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். ஒதுங்கி இருக்கும் பெண்களுக்குக் காவலாம். "சாமி குத்தம் வந்துரும் அம்மா, எங்க பிள்ளையளுக்கு வந்துரும்" என்று ஒருத்தி மாமியின் காலைப் பிடித்துக்கொண்டாள். மாமி தகரத்தை விட்டுவிட்டாள். உள்ளங்கையில் வெட்டி ரத்தம் வந்தது.

அண்ணாவிடம் போய் எஸ்டேட் ஆள் வைத்து இடிக்கச் சொன்னாள். "கல்லு நட்டாச்சு, இனிமே அதைத் தொட்டா ஒருத்தி கொழுந்து எடுக்க வரமாட்டா. துரை என் சீட்டைக் கிழிச்சுடுவார். உனக்கு வேற வேலையே கெடையாதா?" என்றார் அண்ணா. அவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லா நியாயமும் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பாயில் உட்காரவைத்திருந்தது.

அதற்குப் பிறகு மாமி போகும்போதெல்லாம் திட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் தட்டில் சாப்பிட்டாள். அப்படியாவது அந்தத் தீட்டு உடையும் என்று நினைத்தாள். உடையவில்லை. துணியம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள்.

ஐப்பசியில் துலாவர்ஷம் வந்தது. அந்த மழை மத்தியானத்துக்கு மேல் இடியோடு வந்து கொட்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எஸ்டேட் வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஓடி வர ஆளில்லை. மாடத்தி மட்டும் நின்றிருந்தாள். அவள் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமிக்குத் தெரியவில்லை, பையிலிருந்து செல்லக்கனிக்கு வாங்கிய ரிப்பனை எடுத்துக்கொண்டே நடந்தாள்.

"பனிச்சுக் கெடந்தா" என்றாள் மாடத்தி. காய்ச்சல் என்று அர்த்தம். "இன்னும் கொஞ்ச நாள் கழிஞ்சா தலைக்கு ஊத்தி உள்ள எடுக்கலாம்னு இருந்தோம். கஞ்சி கொண்டுபோயி எட்ட வெச்சேன், குடிச்சா. மழை இப்படி விடாமக் கொட்டும்னு யாரு கண்டா. தொறந்து கெடக்க பாதி வழியா வெள்ளம் மொத்தம் உள்ள வந்திருக்கு. பாயெல்லாம் ஊறிப்போச்சு. விடிஞ்சு பாக்கையில வெறச்சுக் கெடந்தா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு இறக்குனோம். வழியிலேயே முடிஞ்சுச்சு."

மாமி ரிப்பனைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

எங்களைத் திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். நான் அதற்குக் காத்திருந்தேன். மாடத்தி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல ஒரு குத்தமும் இல்ல துணியம்மா. நீங்க எடம் தந்திய. தகரம் பத்தாமப் போச்சு, அவ விதி" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "மத்த பாதிக்கும் தகரம் வாங்கித் தந்தியள்னா மத்த பிள்ளையள் நனையாது. அடுத்தது என் எளையவ இருக்கா" என்றாள்.

இளையவள் அம்மாவின் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் பாவாடைதான் போட்டிருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமி வாந்தி எடுக்கவில்லை. பேசவும் இல்லை. விரல்கள் மடியில் அசையாமல் கிடந்தன. நெடுமங்காடு தாண்டி ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. "என்ன மாமி?" என்று குனிந்தேன். அவள் பேச்சைக் கேட்க நான் குனிந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்கிக் குடுக்கலேன்னா அடுத்தவளும் நனைவா."

"வாங்கிக் குடுத்தா? நம்ம கையாலேயே முழுசா மூடி, உள்ளே உக்காருங்கோன்னு சொல்ற மாதிரி ஆகாதா?" எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

"ஆமாம்" என்றாள்.

தகரம் போய்ச் சேர்ந்தது. அண்ணா ஆள் வைத்துப் போட்டுக் கொடுத்தார். மழை உள்ளே வராமல் நின்றது. வெயிலும் நின்றது. கயிறு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருட்டில் ஓடியது, அதில் போட்ட துணி காயவே இல்லை. முன்பு விறகு இடுக்கில் கிடந்த ஈரத் துணி இப்போது கயிற்றில் தொங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம். இளையவள் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக்குப் போனாள் என்று பிறகு அண்ணா சொல்லித் தெரிந்தது. மாமி அந்த மலைக்கு அதன் பின் போகவில்லை. நானும் போகவில்லை.

ரிட்டயர் ஆகும் வரை டைப் அடித்தாள். குரல் மட்டும் திரும்பி வரவில்லை. காப்பிப் பொடி வாங்கும்போதும் கடைக்காரர் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும். தெருவில் எல்லோருக்கும் ஒரே திருப்தி. வயசு ஆக ஆக மாமிக்கு அடக்கம் வந்துவிட்டது என்றார்கள். கூப்பிட்டு உட்காரவைத்து வெற்றிலை பாக்குக்கூடக் கொடுத்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தட்டைத் தட்டிவிட வேண்டும் போல எனக்கு இருக்கும்.

தகரம் வாங்கப் போன நாள் எனக்கு மறக்காது. அதே சாலை பஜார்தான். துணிக்கடைக்கு எதிர் வரிசையில் இரும்புக்கடை. அந்த நாகர்கோவில்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே எழுந்து கையைக் கூப்பினார். மாமி கவனிக்காததுபோல் போனாள். இரும்புக்கடையில் ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மாமி நீளம் அகலம் சொன்னாள். கடைக்காரர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டே, "எந்தினா மாமி? வீட்டுக்கா?" என்று கேட்டார்.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் சொல்வாள் என்று நினைத்தேன். கடை முழுக்கக் கேட்கும்படி, எஸ்டேட்டில் பெண் குழந்தைகளை மாசாமாசம் உட்காரவைப்பதற்கு என்று சொல்வாள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், கடைக்காரரின் காது சிவக்கும் என்று காத்திருந்தேன்.

மாமி புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"மாட்டுத் தொழுத்துக்கு" என்றாள்.